உங்கள் வசதிக்காக

மார்ச் 3, திங்கள்

மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு ஆயிரம் டாலருக்கு பில் அனுப்பினேன். தொள்ளாயிரத்து அறுபதுக்கான பணம்தான் கைக்கு வந்தது. 'கட்டணம் எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் வேறு போட்டிருக்கிறது அந்தப் பேமென்ட் கம்பெனி. கட்டணம் இல்லையாம், மாற்று விகிதத்தை மட்டும் சந்தை நிலவரத்திலிருந்து நாலு சதவீதம் இறக்கி வைத்துக்கொள்வார்களாம். பிக்பாக்கெட்காரனாவது திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். இவர்கள் நன்றி சொல்லி மெயில் அனுப்புகிறார்கள்.

எனக்கு முப்பத்தொன்பது வயது. விவாகரத்தாகி மூன்று வருடமாக அண்ணன் வீட்டில், இஸ்திரி மேசைக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில் படுக்கிறேன். ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் எனக்கு. என் ஒரு மாத வருமானம் அளவுக்குக் குறைகிறது.

மார்ச் 4

மூன்று வருடத்தில் கழித்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றரை மாத வருமானம். கூட்டாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 5, புதன்

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"நாலு பர்சென்டுக்கா இந்தக் குதி குதிக்கிற? வீட்ல உக்காந்து டைப் அடிக்கிறதுக்கு டாலர்ல தர்றான். அதுக்கே அவனக் கும்பிடணும்."

மொழிபெயர்ப்பு இவருக்கு டைப் அடிப்பது. எலுமிச்சம்பழத்துக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற வள்ளல்.

அண்ணி மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டார். அவர் பின்னும் குழந்தைத் தொப்பிகள் வெளிநாட்டுக்குப் போகின்றன. பணம் இதே கம்பெனியில் வருகிறது. கணக்கைத் திறந்து கொடுத்தவள் நான். "அப்ப எனக்கும் புடிக்கிறானா? நீ ஒரு வழி பாத்துச் சொல்லு, அப்படியே செஞ்சிடறேன்" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

வங்கி. முதல் கவுண்டர்காரர் டை கட்டியிருந்தார். அதோடு சரி. "அது அவங்க ரேட்டு மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." பக்கத்துக் கவுண்டர் அம்மா கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். "டாலர் கணக்கு ஒண்ணு தொறங்க. டாலராவே வாங்கிக்குங்க. இங்க மாத்தினா ஆயிரத்துக்கு அஞ்சுதான் புடிப்போம்."

இருவருக்கும் நடுவே இரண்டடி. டை கட்டியவர் அங்கே எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறாரோ!

மார்ச் 10, திங்கள்

டாலர் கணக்கு வந்துவிட்டது. கம்பெனி தளத்தில் ஒரு டிக்கை எடுத்தால் போதும். அதை ஐந்து பக்கம் தள்ளி ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவர்களே போட்டு வைத்த டிக். பக்கத்தில், 'உங்கள் வசதிக்காக நாங்களே மாற்றித் தருகிறோம்.'

என்ன வழவழப்பு! சட்டப்படி ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உண்மையும் ஒரு சொல்கூட இல்லை. எவனோ கூலிக்கு எழுதியிருக்கிறான். எழுதின கை விளங்குமா?

டிக்கை எடுத்துவிட்டேன்.

மார்ச் 11

நான்தான்.

காலையிலிருந்து அந்த 'தருகிறோம்' உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் 'வழங்குகிறோம்' என்றுதான் போடுவார்கள். பழைய கோப்புகளைத் தோண்டினேன். ஏஜென்சி எனக்குக் கொடுத்த முதல் வேலை. மூலத்தில், 'எங்கள் லாபம் சேர்த்த விகிதத்தில்' என்று தெளிவாக இருக்கிறது. திரையில் அந்தப் பெட்டிக்குள் முப்பது எழுத்துக்கு மேல் கொள்ளாது என்றார்கள், வெட்டினேன். எதை வெட்டியிருக்கிறேன் பார்! மூலத்தில் 'உங்கள் வசதிக்காக' இல்லவே இல்லை. மிச்ச இடத்தில் அழகுக்கு நானே செருகியது.

சொந்தச் செலவில் சூனியம். அதுவும் மூன்று வருடம், மாதத் தவணையில்.

மார்ச் 13, வியாழன்

வரியைத் திருத்த வேண்டும் என்று ஏஜென்சி மேலாளருக்கு எழுதினேன். அரை மணியில் போன். "அய்யோ, க்ளையன்ட்டுக்கு அந்த லைன் ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க! அதே மாதிரி இன்னும் ஆயிரம் லைன் இருக்கு. அவசரம். டபுள் ரேட், முடிச்சதும் பணம்."

கணக்குப் போட்டேன். என் குறை தீர்ந்துவிடும்.

புதிய கட்டணப் பக்கங்கள். முதல் வரி: கணக்கில் பணம் வைத்திருந்தால் மாதாமாதம் ஒரு தொகை பிடிப்போம், சம்மதமா? பெட்டியில் முப்பது எழுத்து.

மார்ச் 14

முடியாது என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா பேசினார்: "இருபதுக்கு மேல தாங்காதும்மா. இன்னொருத்தர் பணத்தோட நிக்கறார்." சாயங்காலம் அண்ணன் ஓடாத ஃபேன் ஒன்றைக் கொண்டு வந்து என் தலைமாட்டில் வைத்தார். "நீ போறப்ப போ. இது இங்கயே இருக்கட்டும்."

போறப்ப போ. நாய்க்குக்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 15, சனி

ஒப்புக்கொண்டேன். முதல் வரி பத்து நிமிடத்தில் வந்துவிட்டது: 'உங்கள் பணத்துக்கு எங்கள் காவல்.' இருபது எழுத்துக்கூட இல்லை. எனக்கா வராது? ச்சீ.

மார்ச் 19, புதன்

முடித்து அனுப்பினேன். பணம் டாலராகவே வந்தது. ஆயிரத்துக்கு ஐந்து போக முழுசு. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்து ஐந்து நாள். தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

எழுந்ததும் அண்ணி போன் செய்தார். கிளம்புமுன் அவருக்கும் டாலர் கணக்கு ஏற்பாடு செய்திருந்தேன். பணம் முழுசாக வந்ததில் அவ்வளவு சந்தோஷம். பிறகு, "புதுசா ஒண்ணு வந்திருக்கு, 'உங்கள் பணத்துக்கு எங்கள் காவல்'னு. டிக் போட்டுட்டேன்" என்றார்.

"எடுத்துடுங்க அண்ணி. அத நம்பாதீங்க."

"ஏன்? எவ்வளவு நல்லா எழுதியிருக்கான்."

"எழுதினது நான்தான், அண்ணி."

புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"அடடே, நீயா? அப்ப பயமே இல்ல" என்று சிரித்தார். பால் பொங்குகிறதென்று வைத்துவிட்டார்.

உடனே திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.