அக்கா கிடார், தம்பி கிடார்

நாக்பூர்,
14.9.2024

அன்புத் தம்பி செபாவுக்கு,

மரியே வாழ்க. நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த நவதுறவு இல்லத்தில் செல்போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று தெரிந்தும் மூன்று மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. மற்ற பெண்களுக்குத் தபால் வரும்போது நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறேன். பாவம், செடிகள் அழுகிக்கொண்டிருக்கின்றன.

யோகேஷ் அண்ணன் கச்சேரிக் குழுவில் என் இடத்தில் இப்போது நீதான் லீட் கிடார் வாசிக்கிறாய் என்று அம்மா எழுதியிருந்தாள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் என் கிடாரை மேடைக்கு எடுத்துப் போகாதே. திருவிழாத் தூசி அதற்கு ஆகாது. மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து துடைத்து வைத்தால் போதும். பிப்ரவரி இரண்டாம் தேதி நாங்கள் ஒவ்வொருவரும், வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியர் ஆகிறோமா, வீட்டுக்குத் திரும்புகிறோமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கிடார் என்னுடையது.

இங்கே ஆர்மோனியம் மட்டும்தான். என் கிடாரையும் உன் கிடாரையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்து எழுது. படித்தாலே எனக்குக் கேட்கும்.

அக்கா ஐரின்


நாகல் நகர், திண்டுக்கல்,
3.10.2024

அன்பு அக்காவுக்கு,

கோபிக்காதே. எழுத விஷயம் இல்லாமல் இல்லை, எழுத வெட்கமாக இருந்தது.

நீ கேட்டபடி ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டையும் கட்டிலில் போட்டு உட்கார்ந்தேன். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அதே வடிவம், அதே பழுப்பு நிறம். உன்னுடையது அமெரிக்காவில் செய்தது, என்னுடையது இந்தோனேசியா. உன்னுடையது ஒன்றின் விலைக்கு என்னுடையதைப் போல ஐந்தாறு வாங்கலாம். என்னுடையதில் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் கம்பியின் ஓரம் உள்ளங்கையைப் பிராண்டுகிறது. உன்னுடையதில் கை தானாக வழுக்கிக்கொண்டு போகிறது. என்னுடையது நாலு பாட்டுக்குள் சுருதி இறங்கிவிடும். உன்னுடையது பெட்டியிலேயே கிடந்தும் இம்மி நகரவில்லை. ஆனால் ஒன்று, உன்னுடையதில் நான் விடுகிற தப்பெல்லாம் பளிச்சென்று கேட்கிறது. என்னுடையது கொஞ்சம் மூடி மறைக்கும்.

போன வாரம் குஜிலியம்பாறைக் கச்சேரியில் ஒருவர் மேடை ஓரமாக வந்து, "ஏலே அப்பு, போன வருசம் அந்தப் புள்ள வாசிச்சப்ப கணீர்னு இருந்துச்சு. நீ வாசிக்கிறது தகர டப்பாவத் தட்டுற மாதிரில்ல இருக்கு" என்றார். யோகேஷ் அண்ணன் காதில் விழாத மாதிரி நின்றார். அவர் ஒட்டன்சத்திரத்தில் வேறு ஆள் பார்ப்பதாகக் கேள்வி. ஒரே ஒரு கச்சேரிக்கு உன்னுடையதை எடுத்துப் போகட்டுமா?

உன் செபா


நாக்பூர்,
9.11.2024

அன்புத் தம்பிக்கு,

மரியே வாழ்க. கூடாது என்றால் கூடாதுதான். தினமும் ஒரு மணி நேரம் வாசி, உன் கிடாரே கணீர் என்று கேட்கும். நீ சோம்பேறி என்பது எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். என் விரல் நுனியில் இருந்த காய்ப்பெல்லாம் உரிந்துவிட்டது. கேரளத்து சிஸ்டர் ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் கை மெத்துனு ஆயிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா ஐரின்


திண்டுக்கல்,
20.12.2024

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கிடார் பத்திரம். நீ சொன்னபடி மேடைக்கு எடுத்துப் போகவே இல்லை, பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் என் கிடாரைத்தான் வாசிக்கிறேன். இப்போது சத்தம் நன்றாக வருகிறது. யோகேஷ் அண்ணன், "என்னடா, ஒங்கக்கா எறங்கிட்டாளா ஓம் மேல?" என்று கேட்டார். வேறு ஆள் பார்க்கிற பேச்சு நின்றுவிட்டது.

வீட்டை நினைத்துக் கவலைப்படாதே. அம்மா உன்னைச் சிஸ்டர் உடையில் பார்க்க ஆசையாக இருக்கிறாள். நானும்தான். எல்லாம் இங்கே பத்திரம்.

உன் செபா


நாக்பூர்,
11.1.2025

அன்புத் தம்பிக்கு,

மரியே வாழ்க. உன் கடிதத்தில் பத்திரம் பத்திரம் என்று மூன்று தடவை இருக்கிறது, கிடாரைப் பற்றி உருப்படியாக ஒரு வரி இல்லை. போகட்டும்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்னால் இங்கே இருக்க முடியும் என்று தோன்றவில்லை. யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் ஜெபத்தில் நின்றுகொண்டு விரலால் தொடையில் பாட்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் திரும்பி வரப் பயமாக இருக்கிறது. "மடத்துக்குப் போனவ வந்துட்டா" என்று கோவில் வாசலில் பேசுவார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு போவாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் எனக்கென்று ஒன்று அந்தப் பெட்டியில் காத்திருக்கிறது என்றால் துணிந்து வந்துவிடுவேன்.

அது நன்றாக இருக்கிறதா? ஒரு வார்த்தை போதும். இரண்டாம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி எழுது.

அக்கா ஐரின்


(அஞ்சல் அட்டை)
திண்டுக்கல், 20.1.2025

அக்கா, நன்றாக இருக்கிறது. செபா.


திண்டுக்கல்,
28.1.2025

அக்கா,

அட்டையில் எழுதியது பொய்.

கூடாது என்று உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஆத்திரம். மேடைக்குத்தானே எடுத்துப் போகக் கூடாது, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து என்னுடையதில் போட்டுக்கொள்வோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கம்பிக்கு அடியில் சத்தத்தை வாங்குகிற பிக்அப் மூன்றையும் கழற்றி என்னுடையதில் மாட்டினேன். சத்தம் அப்படியே நீ வாசிக்கிற மாதிரி வந்தது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். கை வழுக்கிக்கொண்டு போகிற அந்தக் கழுத்து, உன் நெக்கும் வேண்டும் என்று ஆசை வந்தது. அதன் திருகு ஓட்டைகள் என் கிடாரின் ஓட்டைகளோடு பொருந்தவில்லை. டிரில் இரவல் வாங்கி உன் நெக்கில் புது ஓட்டை போட்டேன். ஆழம் பார்க்காமல் அழுத்தியதில் முனை முன்பக்கமாக வெளியே வந்து, விரல் வைக்கிற பலகை பாதி நீளத்துக்குப் பிளந்துவிட்டது. தச்சு வேலை செய்யும் தங்கமுத்து அண்ணனிடம் கொண்டுபோனேன். "இது ஒட்டி நிக்கிற சாமான் இல்லப்பா" என்றார்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. நீ திரும்பி வரவே கூடாது, அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று தினமும் ஜெபமாலை சொன்னேன். நீ வந்தால் என் இடமும் போகும் என்று பயந்தேன்.

நேற்று உங்கள் இல்லத்து ஆபீசுக்குப் போன் செய்தேன். என்ன அவசரம் என்று கேட்டார்கள். கிடார் உடைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் இரண்டாம் தேதிக்குள் வந்து சேருமோ சேராதோ. சேர்ந்தால், கிடார் போய்விட்டது என்பதற்காக அங்கேயே இருந்துவிடாதே அக்கா.

செபா


நாக்பூர்,
6.2.2025

செபா,

உன் அட்டை முப்பதாம் தேதி வந்தது. அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டாம் தேதி எழுதிக் கொடுத்தேன். மதர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். உன் நீளக் கடிதம் நேற்று வந்தது.

கிடாருக்காக அழுதேன். பிறகு, நான் வரக் கூடாது என்று நீ ஜெபமாலை சொன்ன வரியைப் படித்தபோது அழுகைகூட வரவில்லை.

உண்மைக் கடிதம் முதலில் வந்திருந்தால், போக இடமில்லை என்று பயந்து இங்கேயே வார்த்தைப்பாடு கொடுத்திருப்பேன். சாகிற வரைக்கும் கடவுளிடம் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். உன் பொய்தான் என்னை வெளியே கொண்டுவந்தது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு நாளாகும்.

பதினோராம் தேதி ரயில் ஏறுகிறேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் நீயே சொல், நான் வந்து சொல்லும்படி வைக்காதே. யோகேஷ் அண்ணனிடம், பங்குனியில் பழனிக் கச்சேரிக்கு நான் வருவதாகச் சொல்லிவிடு. என் பிக்அப் மாட்டிய உன் கிடாரை நான் வாசிப்பேன். அன்றைக்கு நீ மேடையில் நிற்க வேண்டாம். கீழே கூட்டத்தோடு நின்று கேள்.

ஐரின்