வெள்ளைக் களிம்பும் பூப்பயணமும்

மார்ச் 3
இன்று பூண்டு வயலுக்கு உரம் போட்டேன். அதை எழுதியும் விட்டேன், பாருங்கள். யாரிடம் சொல்கிறேன்? என்னிடம்தான். எழுபத்தாறு வயதில் எழுதக் கற்றுக்கொண்டால் என்ன கெட்டுப்போயிற்று!

எழுத்து வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் மால்-ஜா, எள்ளெண்ணெய் ஆட்டும் விதவை. என் கன்னத்துக் கரும்புள்ளிகளைப் பார்த்து, "மறுலோகப் பூ நிறையப் பூத்திருக்கே," என்றாள். ஊரே அப்படித்தான் சொல்லும். அவள் சொன்னதுதான் சுட்டது. ஏப்ரலில் செர்ரிப் பூ பார்க்க ஊர் பஸ் போகிறது. பக்கத்து இருக்கைக்கு அவளைக் கேட்க வேண்டும். இந்த முகத்தோடா?

மார்ச் 6
டவுனில் தோல் டாக்டர். ஒரு லேசர் போதும் என்றேன். அந்தம்மா தலையாட்டவில்லை. புள்ளிக்கு ஒரு லேசர், அடியில் படர்ந்த மங்குக்கு மெல்லிய லேசர், நடுவே தோல் உரிக்கும் மருந்து. எல்லாம் சேர்ந்தால்தான் போகுமாம். ஒன்றையே பலமாகச் செய்தால் இன்னும் கறுக்குமாம். வயல் களையும் அப்படித்தான், ஒரே மருந்துக்கு அடங்காது. சம்மதித்தேன்.

மார்ச் 13
மரத்துப்போக முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்ணும் அதே கோலத்தில். இரண்டு மாவுருண்டைகள். பொழுது போகவில்லை. யாரோதானே என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மால்-ஜாவை, பஸ்ஸை. அவள் குழம்பில் உப்பு அதிகம், வாயும் நீளம், ஆனாலும் அவள் சிரித்தால் படித்த எழுத்தெல்லாம் மறந்துபோகிறது என்று.

தாளுக்குள்ளிருந்து, பானைக்குள் பேசுவதுபோல் ஒரு குரல்: "கேட்டுத்தான் பாருங்களேன்."

நர்ஸ் வந்தாள். "மால்-ஜாம்மா, உள்ள வாங்க."

லேசர் வலித்ததா? தெரியாது. உப்புன்னு ஏன்டா சொன்னே?

மார்ச் 14
வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 17
போகவில்லை. முகம் உரிகிறது. அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 20
வாசலில் முகத்தையே மறைக்கும் கறுப்பு வெயில் தொப்பி. கழற்றினால் மால்-ஜா. அவள் கன்னமும் உரிந்திருந்தது. கையில் குழம்பு.

"உப்புப் பார்த்துச் சொல்லுங்க."

குடித்தேன். உப்பே இல்லை. சரியாக இருக்கிறது என்றேன்.

"பொய். மூஞ்சில தாள் சுத்தினாத்தான் உங்களுக்கு உண்மை வருது. பஸ்ஸுக்கு என்னைக் கேக்கப் போறீங்களா, இல்ல நான் ஊர்த்தலைவர் பக்கத்துல போய் உக்காரவா?"

கேட்டேன்.

ஏப்ரல் 4
பூப்பயணம். சிகிச்சை இன்னும் முடியவில்லை. வெயில் படக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஊரே இறங்கிப் போனது. நாங்கள் இருவரும் திரையை இழுத்துவிட்டு பஸ்ஸிலேயே இருந்தோம். அவள் முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டே ஊர்த்தலைவரின் நடையை நடித்துக் காட்டினாள். எனக்குப் புரையேறிவிட்டது.

பூ எப்படி இருந்தது என்று மகன் போனில் கேட்டான். அருமை என்று சொல்லிவைத்தேன்.