நீல வாளிக்காரர்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போங்கள்.

காலையில் உங்கள் அம்மாவின் கல்லறைக்குப் போயிருந்தேன். பளிங்குக்கல் முழுக்க அரித்துப்போய், பெயரில் பாதியைக் காணோம். நேராகக் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போய், எவனோ வேண்டுமென்றே ஆசிட் ஊற்றியிருக்கிறான் என்று சத்தம் போட்டேன். காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மனுஷனைத் திட்டாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை நீல வாளியோட வந்தாரு. அழுதுக்கிட்டே மணிக்கணக்கா தேய்ச்சாரு" என்றார்.

நம் குளியலறையில் அந்த நீல வாளிக்குப் பக்கத்தில் ஆசிட் பாட்டில் ஏன் காலியாகக் கிடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. "பெத்த தாயை ஒரு தடவையாவது எட்டிப் பாத்தீங்களா?" என்று சனிக்கிழமை சண்டையில் நான் கேட்டிருக்கக் கூடாது.

நாலு மணிக்குக் கல்லில் பெயர் வெட்டுகிறவர் வீட்டுக்கு வருவார். அம்மா பெயரை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.

இந்த ஞாயிறு நானும் வருகிறேன். கல்லுக்கு வெறும் தண்ணீர் போதுமாம்.

பி.கு.: புகார்ப் படிவத்தில் 'சேதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் மழை என்று எழுதிவிட்டேன். யாராவது கேட்டால் நீங்களும் மழை என்றே சொல்லுங்கள்.