தங்கச்சி போட்ட குல்லா

நவம்பர் 9, சனி

யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? "எனக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டேன். நூல் கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கா? சரி சரி. முதல் தடவையா?" ஆமாம் என்றேன். தடி ஊசி ஒரு ஜோடி, கருநீலத்தில் இரண்டு உருண்டை உல்லன் நூல் எடுத்து வைத்தார். "மஃப்ளர்ல ஆரம்பி தம்பி. நேரா போய் நேரா வர்றதுதான். கெடுக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

அப்பாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்பா என்ன பண்றார்? பஸ் ஓட்டுறார், விடியற்காலை முதல் டிரிப். நீ? காலேஜை பாதியில் விட்டுட்டேன், செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுறேன். அப்பா என்ன சொன்னார்? ஒண்ணும் சொல்லலை. எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லலை.

என்னிடம்தான் சொல்லவில்லை. என்னைப் பற்றி நிறைய சொல்கிறார். "அவன சாப்பிடச் சொல்லு." "அவன் ஃபோன் அடிக்குது, எடுக்கச் சொல்லு." நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். அம்மா என் பக்கம் திரும்பி, "சாப்பிடுவியாம்" என்பாள். "அப்புறம் சாப்பிடறேனாம்" என்பேன். அவளுக்கு எங்கள் வீட்டில் தபால்காரர் வேலை.

நவம்பர் 10

ஏன் மஃப்ளர்? எழுதியே விடுகிறேன். சுண்டெலிதான் காரணம். என் தங்கச்சி. நர்ஸிங் இரண்டாம் வருஷம், எல்லாப் பேப்பரிலும் முதல் மூன்றுக்குள். போன மாசம் லீவில் நாலே நாளில் அப்பாவுக்கு ஒரு குல்லா பின்னினாள். சாம்பல் நிறம், காதை மூடும். பஸ்ஸில் டிரைவர் பக்க ஜன்னல் முழுசாக மூடாது, அதனால் என்று சொல்லி அவரிடம் கொடுத்தாள். அதுகூட எனக்குத் தெரியாது. மூடாதாம்.

அன்றிலிருந்து அப்பா அதைக் கழற்றுவதில்லை. சாப்பிடும்போது குல்லா. டிவி பார்க்கும்போது குல்லா. குல்லா போடுறா, குல்லா போடுறான்னு சும்மா பேச்சுக்குச் சொல்வாங்க. நிஜ ஊசி, நிஜ நூல் வச்சு ஒருத்தி போட்டு இப்பத்தான் பாக்கறேன்.

நவம்பர் 12

ஊசியில் இருபத்து நாலு லூப் ஏற்றவே இரண்டு சாயங்காலம். பின்னல் சொல்லித்தரும் வீடியோவில் வருகிறவள் சிரித்துக்கொண்டே ஏற்றுகிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன், எல்லாம் இறுகிப்போய் ஊசி நுனிகூட நுழையவில்லை. இத்தனைக்கும் ஒரு குமிழி வராமல் கண்ணாடி ஒட்டுகிற கை இது. ஓனரே சொல்வார், கை பிசகாதுன்னு.

பையில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

நவம்பர் 16

சுண்டெலிக்குத் தெரிந்துவிட்டது. சார்ஜர் தேடி வந்தவள் பையை இழுத்துவிட்டாள்.

"அண்ணா, இது மஃப்ளரா பாவாடையா?"

ஒரு சாண் பின்னியிருக்கிறேன். அடியில் நாலு விரல் அகலம், மேலே போகப் போக விரிகிறது. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தேழு. இருபத்து நாலில் ஆரம்பித்தது!

"நூல முன்னாடி விட்டுட்டுப் பின்னுற. அதான் ஒவ்வொரு வரிசையிலயும் குட்டி போடுது. ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் எண்ணுண்ணா."

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. பாவாடை யாருக்குன்னு மட்டும் சொல்லு, நாடா வாங்கித் தரேன்."

அவள் போனதும் முழுக்க அவிழ்த்தேன்.

நவம்பர் 17

எண்ணினால் சரியாக வருகிறது. அவள் சொன்னது சரியாக இருப்பதுதான் கடுப்பு.

நவம்பர் 20

கண்டக்டர் மாமா வந்திருந்தார், அப்பாவோட பஸ்ஸில் பதினோரு வருஷமாக விசில் ஊதுகிறவர். டீ குடித்துக்கொண்டே அம்மாவிடம் சொல்கிறார்: "டெப்போவுல இவரு தொல்லை தாங்கல. போறவன் வர்றவன்லாம் நிறுத்தி, 'என் பொண்ணு போட்டது'ங்கறாரு. மேனேஜரையே தொட்டுப் பாக்கச் சொன்னாரு!"

அப்பா சிரிக்கிறார். தலையைக் குனிந்து, வெட்கப்பட்டு. அப்படிச் சிரிப்பார் என்பதே மறந்துபோயிருந்தது.

பிறகு மாமா என்னைப் பார்த்தார். "என்னப்பா, தங்கச்சி அப்பாவுக்குக் குல்லா போட்டுட்டா. நீ என்ன போட்ட? நாமமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா கூட. அப்பா சிரிச்சாரா? பாக்கல. பாக்கப் பிடிக்கல. டம்ளர அப்படியே வச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

வயிறு எரியுது. அவ்வளவுதான், வேற வார்த்தை இல்ல. எரியுது.

நவம்பர் 24, ஞாயிறு

இதை எழுதலாமா?

கொடியில் குல்லா காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவே துவைத்து, இரண்டு கிளிப் போட்டு மாட்டியிருந்தார். அவர் சட்டைக்குக்கூட ஒரு கிளிப்தான். மாடியில் யாரும் இல்லை.

உள்பக்கத்தைத் திருப்பினேன். சும்மா எப்படி முடித்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் — பொய். பார்க்க மட்டும் இல்லை. உச்சியில் கடைசி லூப்புகளையெல்லாம் ஒரு நூலில் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட்டிருந்தாள். போன மாசமாக இருந்திருந்தால் எனக்குக் கத்திரிக்கோல் வேண்டியிருக்கும். இப்ப எனக்குத் தெரியும். எந்த முடிச்சு, எந்த நுனின்னு நல்லாத் தெரியும்.

முடிச்ச அவுத்தேன். கோத்த நூல உருவினேன். ஈரத்துல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பாத்தா தெரியாது. திரும்ப மாட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு கிளிப்பும் போட்டு.

நவம்பர் 25

ஒன்றும் ஆகவில்லை. போட்டுக்கொண்டுதான் போனார்.

நவம்பர் 26

ஆகிவிட்டது.

மத்தியானம் வெறுந்தலையோடு வந்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து குல்லாவை எடுத்து அம்மாவிடம் காட்டினார். நாலாவது ஸ்டாப்பில் காதுக்கு இழுத்துவிட்டாராம், உச்சி பிளந்துகொண்டதாம். நான் அறைக்குள் இருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"நான்தான் கெடுத்துட்டேன் போல. துவைச்சுட்டு முறுக்கிப் பிழிஞ்சேன். எனக்கு அறிவு வேணாம்? கொழந்த பாத்துப் பாத்துப் பண்ணது."

"சரி விடுங்க, அவகிட்ட குடுத்தா சரி பண்ணிடுவா."

"வேணாம் வேணாம். பரீட்சை நேரம். டெப்போவுல மறந்து வச்சுட்டேன்னு சொல்லிக்கறேன்."  அப்புறம் குரலைத் தாழ்த்தி — "அவன் ஏதோ பின்றானே. அவன்கிட்ட குடுத்துப் பாரேன்."

தெரிஞ்சிருக்கு. நான் பின்றது அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நவம்பர் 27

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஏழு இடத்தில் லூப் நழுவி, ஏணி மாதிரி கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொன்றையும் கீழிருந்து பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். காலையில் உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் நிமிர்ந்தேன்.

அவ்வளவு கிட்டப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அவளும் தப்புப் பண்ணியிருக்கிறாள்! காதுப் பக்கம் இரண்டு இடத்தில் லூப்பை விட்டுவிட்டு, உள்பக்கமாக வேறு நூல் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறாள். துள்ளிக் குதிக்காத குறை எனக்கு. அப்புறம் நினைத்தேன்: அவளும் உட்கார்ந்து முழித்திருப்பாள், எல்லாரையும் மாதிரி. நான் பார்த்தது அவள் முடித்துக் கொடுத்த நாலாவது நாளை மட்டும்தான்.

சரியாக்கி அம்மாவிடம் கொடுத்தேன். அப்பா போட்டுப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே, "நல்லா பண்ணிருக்கான்னு சொல்லு."

"நல்லா பண்ணிருக்கியாம்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எட்டு மாசமாக் காத்திருந்தது இதுக்குத்தானே? சாப்பிடாமலே படுத்துட்டேன்.

நவம்பர் 28

கடையில் மூன்று கண்ணாடி வீண். மூன்றிலும் குமிழி.

நவம்பர் 29

சொல்லிவிட்டேன்.

வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்று கழற்றியாகிவிட்டது. "அந்தக் குல்லாவ அவுத்தது நான்தான்" என்றேன். அவர் உள்ளே பார்த்து, "என்ன சொல்றான்?" என்றார். அம்மா குழாயடியில் இருந்தாள், காதில் விழவில்லை.

"உங்ககிட்டதான் சொல்றேன். துணி காயும்போது முடிச்ச அவுத்தேன். வேணும்னே."

நிமிர்ந்தார். "ஏண்டா?"

 எல்லாம் சேர்ந்து வந்தது. "அவ போட்டா போட்டுக்கறீங்க. அவகிட்ட மட்டும் பேசறீங்க. நான் ஒருத்தன் இந்த வீட்டுல இருக்கறதே..."

"நீ எங்கடா பேசின?" கத்திவிட்டார். ஒரு காலில் ஷூவோடு. "காலேஜ விட்டேன்னு எங்கிட்ட வந்து சொன்னியா நீ? உங்கம்மா வாயால கேட்டேன் நானு! பெத்தவன், அடுத்தவன் மாதிரி! அதுக்கப்புறம் ஒரு நாள் என் மூஞ்சியப் பாத்துப் பேசினியா? சாப்பிடச் சொன்னா 'சாப்பிடறேனாம்'ங்கற. என்னடா 'னாம்'?"

உண்மை. அம்மாவை அனுப்பியது நான்தான். பயந்துபோய் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் மாடியில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாளும் அந்த ஒன்றை மட்டும் நினைத்துப் பார்க்கவே இல்லை.

முக்கால் மணி நேரம் திட்டினார். குல்லாவில் தொடங்கி, காலேஜ், என் முடி, பைக்கைக் குறுக்கே நிறுத்துவது, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது — ஒன்று விடவில்லை. எல்லாம் 'நீ', 'நீ', 'நீ'. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. ஷூ கடைசி வரை காலில்தான் இருந்தது.

சுண்டெலி புத்தகத்தோடு வந்து கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.  திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 30

சுண்டெலி பேசுவதில்லை. காலையில் அம்மாவிடம், "அவன ஃபேன நிறுத்தச் சொல்லும்மா" என்கிறாள். அண்ணன் போய் அவனாகிவிட்டேன். நிறுத்தினேன். 'நிறுத்திட்டேனாம்' என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டு அவள் கதவைத் தட்டினேன். "நிறுத்திட்டேன். அப்புறம்... தப்பு என்னுதுதான்." உள்ளே பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும். நாளைக்கும் தட்டணும்.

மஃப்ளர் ஒன்றரை முழம் வந்திருக்கு. எண்ணினேன், இருபத்து நாலு. இது இனி —

அப்பா கூப்பிடறார். பேரைச் சொல்லி. இன்னும் திட்ட மிச்சம் வச்சிருக்கார் போல, இல்ல வேற எதுக்கோ. இதோ மறுபடியும் கூப்பிடறார். போகணும்.