முகிலரசி எழுந்து வந்த பக்கம்

புரட்டாசி 9, செவ்வாய்

வெயில். விதைப்பு நேரம், மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

டீச்சரக்கா, பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துக் கோணூசியால் தைத்து வைத்திருந்தாள். இரவல். மந்திரவாதி ஒரு நாட்டு மழையைக் குடத்தில் அடைத்துவிடுகிறான். பிள்ளைத்தாய்ச்சி ராணி முகிலரசி குடத்தைத் தேடிப் போகிறாள். நம்மூர் மழையும் அதற்குள்தான் கிடக்கும்.

நான் வாசிக்க, அண்ணன் மனைவி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்கிறாள். மதினிக்கும் நிறைமாதம். “ஏட்டி சுப்பு, ராணிக்குப் பேறு நல்லபடியா ஆயிருமா?” மதினியின் அக்கா தலைப்பிரசவத்தில் போனவள். கேள்வி யாருக்காக என்று தெரியும்.

என் ஊகம்: சேனாதிபதிதான் துரோகி. ரொம்ப நல்லவனாகப் பேசுகிறான்.

புரட்டாசி 11, வியாழன்

அநியாயம். பாதிக் கதையிலேயே ராணி பிள்ளை பெற்றுச் செத்துப்போனாள். எழுதிய ஆள் மட்டும் கையில் கிடைத்தால்! மதினி பசைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மதியம் சாப்பிடவில்லை. ஏன்தான் சத்தமாக வாசித்தேனோ.

புரட்டாசி 12, வெள்ளி

அடுத்த அத்தியாயத்தில் முகிலரசி நிறைவயிற்றோடு குதிரையில் வருகிறாள்! அப்படியானால் செத்தது யார்?
1. இரட்டைப் பிறவி.
2. மந்திரவாதியின் மாயம்.
மாயம்தான். ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்ட்டீ, அவிய சாவ மாட்டாவ. ஆனா இந்த வயித்தோட குதிரையா? எனக்கு பஸ்சே ஆவல.” மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

புரட்டாசி 14, ஞாயிறு

தூறல். முடித்தேன். கடைசிப் பக்கத்தில் ராணிக்கு வலி எடுக்கிறது, ‘தொடரும்’. அப்புறம் தாளே இல்லை.

புரட்டிப் பார்த்தேன். ராணி செத்த தாளின் பின்புறம் பொங்கல் விளம்பரம். அதற்கு அப்புறம் தைத்த தாள்களில் தீபாவளிப் பட்டாசு. தீபாவளி முந்தி, பொங்கல் பிந்தியல்லவா? டீச்சரக்காவிடம் ஓடினேன்.

“ஓரம் சமமா இருக்கட்டும்னு மேல வெட்டினேன். அத்தியாய நம்பரும் அதோட போயிட்டு. தைக்கையில முன்னபின்ன ஆயிருக்கும். சாவுதான் கடைசி.”

மாயமும் இல்லை, இரட்டையும் இல்லை. சேனாதிபதிகூட நல்லவன்தானாம்.

மதினியிடம் சொல்லவில்லை.

புரட்டாசி 17, புதன்

பிரசவத்துக்கு மதினியைப் புதூருக்கு அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலில்: “ஏட்டி, கடைசியில என்னாச்சு?”

“கொடம் ஒடஞ்சு மழை பெஞ்சுது மதினி. ராணி பிள்ளையோட நனைஞ்சாவ.”

“பச்சப்பிள்ளையவா நனைய விட்டாவ? கூறு கெட்டவிய!” சிரித்தாள்.

பஸ் போன பிறகு அழுதேன்.

புரட்டாசி 26, வெள்ளி

நல்ல மழை. ஓடையில் தண்ணீர். புதூர் பஸ் வரவில்லை, சேதியும் இல்லை. அண்ணன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறான்.

டீச்சரக்கா கோணூசியோடு வந்தாள். “கொண்டா, பிரிச்சு வரிசையாத் தச்சிருவோம்.” இன்னொரு தடவை வாசிக்கணும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பைத்தியக்காரத்தனம்தான். பயமாக இருக்கிறது. இந்தத் தையலில்தான் முகிலரசி செத்த பிறகும் எழுந்து வருகிறாள். புதூரிலிருந்து சேதி வரட்டும். அதுவரை ஒரு நூலைக்கூடத் தொட விடமாட்டேன்.