மலையேறிய ஆறு மான்கள்

பிப். 10, திங்கள்

பனி. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. இடது முழங்கால் வலி.
வேலை: அறிக்கை கடைசிப் பக்கம். தைலம். குழாய்க்கு ஆள் (மூன்றாவது முறை).

அறிக்கை ஒருவழியாக முடிந்தது. துறைத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு வருடம். வலையில் பிடித்து, ரத்தம் எடுத்து, காதில் எண் வில்லை மாட்டி விட்ட புள்ளிமான்கள். காசநோய் கண்டவை ஒன்பது. மூன்று இன்னும் அடிவாரத் தண்ணீர்த் தொட்டியருகே, மெலிந்து, இருமிக்கொண்டு. ஆறு தேறி மலைமேல் போய்விட்டன. அந்த ஆறுக்கும் நோய் எதிர்ப்பு மரபணுவில் ஒரே வகை. 'ஆ' என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்றுக்கு அது இல்லை. ஆகவே ஆ காப்பாற்றுகிறது.

ஒன்றுகூடச் சாகவில்லை என்பதுதான் இடிக்கிறது. காவலரிடம் கேட்க வேண்டும்.

பிப். 11, செவ்வாய்

வெயில். அடி அண்ணாமலை, காட்டுக் காவலர் ஏழுமலை வீடு. மான்களைப் பார்த்து ஏட்டில் எழுதுபவர் இவர்தான். நான் மாதம் ஒருமுறை வந்து நகல் எடுப்பேன். எண் வில்லைக்கு இவர் வைத்த பெயர் கம்மல்.

டீ கொடுத்தபடி அவர் மனைவி: "ரெண்டு வருஷமா மானுக்குக் கம்மல் எண்ணிக்கினு கீறாரு. என் காத ஒரு நாளாவது பாத்தாரான்னு கேளுங்க மேடம்."
"உன் காது எங்க ஓடிடப் போவுது?"

நான் கேட்பதற்கு முன்பே ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே ஆறு வில்லைகள். கழுவித் துடைத்து.
"என்ன இது?"
"மலையேறினதுங்களோட கம்மல் மேடம். நாய் தின்ன மிச்சத்துல பொறுக்கினது. ஆபீஸ் பொருளாச்சே."

எண்களைப் பார்த்தேன். அதே ஆறு.
"மலையேறிடுச்சுன்னு எழுதினீங்களே, ஏழுமலை."
"பின்ன எப்டி எழுதறது? இந்த மலையப் பாத்துக்கினு செத்துச்சுன்னு எழுதுவாங்களா? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியும். கீழ்பென்னாத்தூரில் வளர்ந்தவள். விளக்கு அணைந்தால் எங்கள் வீட்டிலும் மலையேறிவிட்டது என்றுதான் சொல்வோம். ஆனால் இங்கே நிஜமாகவே ஒரு மலை நிற்கிறது. மான் ஏறக்கூடிய மலை.

பிப். 12, புதன்

பௌர்ணமி. செங்கம் சாலை முழுக்கக் கிரிவலத் தலைகள். ஆட்டோ கிடையாது. ஆறிப்போன இட்லி.

எல்லாம் தலைகீழ். ஆ வகைதான் செத்திருக்கிறது. இல்லாதவை தாக்குப்பிடிக்கின்றன. இந்த வருடக் குட்டிகளில் பாதிக்கு ஆ. சாலையும் மனைகளும் சுற்றி வளைத்தபின் வெளி மான் வந்து கலப்பதில்லை, பிறப்பதெல்லாம் ஒன்றுபோல.

வெள்ளியன்று வன அலுவலகக் கூட்டம். மாடும் மானும் ஒரே தொட்டியில் குடிக்கின்றன, நோய் அங்கிருந்துதான். மாட்டுக்கு மூடுவதா என்று முடிவு செய்வார்கள். 'மூடத் தேவையில்லை, மந்தை தானே தாங்கும்.' அறிக்கையில் என் வரி.

துறைத் தலைவருக்குப் போன். என்னைவிட எட்டு வயது சின்னவர்.
"மேடம், அறிக்கை வன அலுவலகத்துக்குப் போயாச்சு. ஆறே மான். அடுத்த வருஷம் ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கலாம்."
"அதுக்குள்ள குட்டிங்க?"
"நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க."

அது உண்மை. வைத்துவிட்டேன்.

ஊரே எதை எதையோ நம்புகிறது என்று சிரிப்பேன். நான் ஏட்டை நம்பினேன்.

பிப். 13, வியாழன்

சாலை நெடுகக் காகிதத் தட்டு, வாழைப்பழத் தோல். வேலியோரம் தட்டை நக்கும் ஒரு பெண்மான், இருமுகிறது.

ஏட்டைத் திருத்த ஏழுமலையிடம் பேனாவை நீட்டினேன். "நீங்க எழுதுங்க மேடம். கையெழுத்து வேணா போடறேன்." ஆறு இடத்திலும் நானே எழுதினேன். இறந்தது, இறந்தது. எதிரே ஏழுமலை, ஏழுமலை.

"தொட்டிய மூடினா உங்க மாடு?"
"ரெண்டும் அங்கதான் குடிக்குது. வீட்டு போர்ல உப்பு ஜாஸ்தி. வாய் வெக்காதுங்க."
ஏட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

குழாய்க்கு ஆள் வரவில்லை.

பிப். 14, வெள்ளி

நல்ல வெயில். அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. எழுந்து நின்று, என் அறிக்கை தவறு என்றேன். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரி ஏட்டைப் புரட்டினார். "அடிச்சுத் திருத்தி இருக்கே. எழுத்தும் உங்களுது. நான் எத நம்பறது?" பிறகு சுவரோரம் நின்றவரிடம், "ஏம்பா, நீ சொல்லு. மேல போச்சா, செத்துச்சா?"

சன்னல் நிறைய மலை. ஏழுமலை அதற்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்.
"ஆறும் செத்துச்சுங்கய்யா."

திங்கள் முதல் தொட்டி மாடுகளுக்கு இல்லை. எழுதிக் கையெழுத்தாகிவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன் மேடம்" என்றார். எப்போதும் வரேன் என்று சொல்பவர்.