சனிக்கிழமை ஒன்பது மணி அலாரம்

இன்று காலை ஒன்பது மணிக்கு என் பைக்குள்ளிருந்து உன் போன் அலறியது. செங்கல்பட்டுக் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எம்.காமில் இன்றுதான் முதல் வகுப்பு. மேடம் என்னை எழுப்பி நிறுத்திவிட்டார். முப்பத்திரண்டு வயதில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன், உன்னால்.

நேரில் படிக்கப்போகிறேனா, ஆன்லைனுக்கு மாறிக்கொள்கிறேனா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை லீவு கேட்டால் இனி ரிசப்ஷனில் வேலை இல்லை என்கிறார் ஓட்டல் மேனேஜர். வீட்டிலும் ஆன்லைன்தான் என்கிறார்கள். பி.காமை நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தானே முடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் முடிக்கவில்லை. நான் மட்டும்தான் முடித்தேன்.

பி.காம். சேரும்போதே நீ நேர் வகுப்பு வேண்டும் என்றாய். "மூஞ்சி தெரியாம இன்னா கிளாஸுடி அது? நான் வர்லன்னா யாரு கேப்பா?" என்றாய். வாரக் கடைசியில் ஓட்டல் நிரம்பி வழியும்போது மாமல்லபுரத்திலிருந்து எப்படிப் பஸ் ஏறிப் போவது என்று உன் வாயை அடைத்தவள் நான். அதையும் தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆன்லைன் இல்லாவிட்டால் இரண்டு பேருமே ப்ளஸ் டூவோடு நின்றிருப்போம்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த ரிசப்ஷன் மேஜைக்கடியில் இரண்டு போன், ஆளுக்கு ஒரு காதில் மட்டும் இயர்போன். யாராவது ரூம் கேட்டு வந்தால், எழுந்துபோகிறவளுக்கும் சேர்த்து மற்றவள் 'பிரசன்ட் மேம்' என்று தட்டிவிடுவாள். கேமராவை யாரும் திறந்ததே இல்லை. நம் சாமர்த்தியத்தை நினைத்து எவ்வளவு சிரித்தோம்.

பிறகு நீ மஞ்சள் காமாலையில் படுத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போனை நீட்டி, "எனுக்கும் சேத்து நீயே போட்டுடு" என்றாய். போட்டேன். வியாழக்கிழமை நீ போய்விட்டாய். சனிக்கிழமை ஒன்பது மணி வகுப்புக்கு நீ வைத்திருந்த அலாரம் அடித்ததும் என் விரல் தன்பாட்டுக்கு உன் போனிலும் பிரசன்ட் போட்டது. அந்த ஆன்லைன் மேடம் உன் பெயரை வாசித்து, ஒரு வகுப்புகூட விடாதவர் என்று பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் அவர் மேல், உன் மேல், எல்லாரையும்விட என் மேல் எரிச்சலாக வருகிறது. நீ செத்ததே தெரியாத ஒரு வகுப்புக்கு உன்னை இழுத்துப்போனவள் நான்தானே.

இன்று வகுப்பு முடிந்ததும் மேடம் கூப்பிட்டார். போனுக்காக இன்னொரு திட்டு என்று நினைத்தேன். "என்னம்மா, நான் திட்னதுக்கா அழுத?" என்று கேட்டார். கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டுதான் அழுதேன், எப்படியோ பார்த்திருக்கிறார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸிலேயே மேனேஜருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை வரமாட்டேன், வேறு எந்த வேலையில் வேண்டுமானாலும் போடுங்கள் என்று. இன்னும் பதில் இல்லை. நீ சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. ஒத்துக்கொள்ளும்போது கேலி செய்ய நீ இல்லை.

உன் போன் பையில்தான் இருக்கிறது. அலாரத்தை நீக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் சத்தத்தைக் குறைக்க மறந்து அது அடித்தாலும், அது யாருடைய போன் என்று மேடத்துக்குத் தெரியும்.